பாதி வேலை தொலைபேசியில்

விலங்குக் காப்பகத்தில் வேலை என்றால் நாள் முழுக்க நாய்க்குட்டிகளைக் கொஞ்சிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்போடுதான் புதிய தன்னார்வலர்கள் வருகிறார்கள். கூண்டு கழுவுவது, துணி துவைப்பது, அடம்பிடிக்கும் பூனைக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் சீக்கிரமே கைவந்துவிடும். பழக நாளாவது தொலைபேசிதான்.

"எங்களால் இதற்குமேல் வைத்துக்கொள்ள முடியாது, எடுத்துக்கொள்வீர்களா?" அழைப்புகளில் பாதிக்குமேல் இதுதான். வீடு மாறுகிறார்கள், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, வளர்த்த பெரியவர் இறந்துவிட்டார். புதியவர்களுக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். அழைத்தவரைத் திட்டலாம்தான். ஆனால் திட்டு வாங்கியவர் மறுபடி அழைக்கமாட்டார். இரவோடு இரவாக ஒரு அட்டைப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குள் இருக்கும் பூனையின் வயதோ, நோயோ, தடுப்பூசி விவரமோ நமக்குத் தெரியாது.

அதனால் "எப்போது கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்பதற்கு முன் "என்னதான் செய்கிறது?" என்று கேட்பேன். பூனை வீடெல்லாம் சிறுநீர் கழிக்கிறது என்பார்கள். பழிவாங்குகிறது என்றுகூடச் சொல்வார்கள். பல நேரம் சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருக்கும். ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்; அடைப்பு ஓரிரு நாளில் உயிரை வாங்கிவிடும். இன்னும் சில வீடுகளில் மூன்று பூனைகளும் மலஜலம் கழிக்க ஒரே மணல் தட்டு இருக்கும். பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்று வைக்கச் சொன்னதிலேயே தீர்ந்த கதைகள் உண்டு. அந்தப் பூனைகள் எங்கள் கணக்கிலேயே வராது. நன்கொடையாளர்களுக்குக் காட்ட ஒரு புகைப்படம்கூட இருக்காது. என்னைக் கேட்டால் எங்கள் வேலையில் உருப்படியானது அதுதான்.

எல்லாம் அப்படித் தீராது. அப்போது இடம் வேண்டும். "அதோ, அந்தக் கூண்டு காலியாகத்தானே இருக்கிறது?" என்று வருகிறவர்கள் கைகாட்டுவார்கள். காலிதான், ஆனால் அங்கே இருந்த நாய்க்குட்டிக்கு பார்வோ, அதாவது நாய்களிடையே பரவும் கொடிய வைரஸ் நோய். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். சாதாரண சோப்புக்கும் கை கழுவும் ஆல்கஹாலுக்கும் மசியாது. பிளீச்சிங் கரைசலை ஊற்றி, ஊறவிட்டு, கழுவ வேண்டும். புதிதாக வரும் விலங்குகளையும் ஏறக்குறைய இரண்டு வாரம் தனியாக வைத்துக் கவனித்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்போம்.

பூனைக்குட்டிகள் தனிக்கதை. பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினையாகலாம். சினைக்காலம் இரண்டு மாதம்தான். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினைபிடிக்கும். கருத்தடையைப் பற்றி நாங்கள் ஓயாமல் பேசுவது இதனால்தான். தாயில்லாமல் வரும் பச்சைக்குட்டிகளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பால் புகட்ட வேண்டும். மாட்டுப்பால் வயிற்றைக் கெடுக்கும், அதற்கென்றுள்ள மாற்றுப்பால்தான் சரி. ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டால்தான் அவற்றுக்குச் சிறுநீரே வரும். இதைத் தங்கள் வீட்டில் வைத்துச் செய்கிறவர்கள் மறுநாள் தூங்காத முகத்தோடு வேலைக்குப் போகிறார்கள்.

தத்துக் கொடுக்கும்போது எனக்கு விண்ணப்பப் படிவத்தின்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும் என்று கேட்டால் எல்லோரும் குறைவாகவே எழுதுவார்கள். "நேற்று காலையிலிருந்து வீட்டில் யார் யார் இருந்தீர்கள்?" என்று பேச்சுவாக்கில் கேட்டால் உண்மை தானாக வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் குட்டிதான் வேண்டும் என்பார்கள். முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு, நிதானமான ஏழெட்டு வயது நாய் எவ்வளவோ வசதி. சொல்லிப் பார்ப்பேன், சிலர் கேட்பார்கள்.

கூண்டில் குரைத்துத் தள்ளிய நாய் வீட்டுக்குப் போனதும் ஒரு மூலையில் சுருண்டுகொள்ளும். அல்லது நேர்மாறாக நடக்கும். முதல் சில நாள் மிரளும், வீட்டு நடைமுறை பிடிபடச் சில வாரம், முழுதாக ஒட்டிக்கொள்ளச் சில மாதம் ஆகும் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். அப்படியும் சில திரும்பி வரும். அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் முகம் வாடிவிடும். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பூனையைத் துரத்தியதா, குழந்தைகளோடு எப்படி, தனியாக விட்டால் அழுததா? கூண்டில் மாதக்கணக்கில் பார்த்தாலும் தெரியாதது ஒரு வார வீட்டு வாசத்தில் தெரிந்துவிடும். அடுத்த வீட்டைத் தேட அதுதான் பிடிமானம்.

வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. கையெழுத்து வாங்கும் முன் அதை நானே சத்தமாக வாசித்துவிடுவேன். நல்ல நேரத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, பிறகு அழைக்கத் தயங்கமாட்டார்கள்.