கோவில்பட்டி வருவதற்குள் எழுப்பிவிடும் ஆப்

தினமும் கை போவது வாட்ஸ்அப்புக்கும் ஜிபேக்கும்தான், ஆனால் ரொம்பப் பிடித்த ஆப் எது என்று கேட்டால் யோசிக்காமல் 'வேர் இஸ் மை ட்ரெயின்' என்பேன். ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தால் போதும், இன்டர்நெட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலே செல்போன் டவரை வைத்து வண்டி எங்கே போகிறது என்று காட்டிவிடும். பெங்களூரில் உருவானது, 2018-ல் கூகுள் வாங்கியது.

முன்பெல்லாம் ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனைத் தவறவிட்டுவிடுவோமோ என்று அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவே மாட்டார், ஒவ்வொரு தடவை வண்டி நிற்கும்போதும் ஜன்னல் ஷட்டரைத் தூக்கிப் பெயர்ப்பலகை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார். போன வாரம் கோவில்பட்டிக்கு அலாரம் வைத்தேன். சாத்தூர் தாண்டியதும் அடித்தது. அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவே மனசில்லை.

அப்புறம், கோச் எந்த வரிசையில் வரும் என்பதும் அதில் இருக்கும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.