'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கலை, மானுடவியல் பாடங்களைத் தேர்ந்தெடுத்து வரும் முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக அறிமுக வகுப்புகள் நடத்தி வருகிறேன். வரலாறு, இலக்கியம், மெய்யியல் என எந்தத் துறைக்கு வந்தவராயினும், முதல் பருவத்தில் மிகுதியாகத் தடுமாறுகிறவர்கள் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்களே என்பதை உணர எனக்கு வெகுநாள் பிடித்தது. ஒரு வினாவுக்கு ஒரு விடை உண்டு, அது பாடநூலின் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கிறது, அதைப் பிசகில்லாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்ற உடன்படிக்கையை இத்தனை ஆண்டுகளும் நேர்மையாகக் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழகத்தில் அந்த உடன்படிக்கை செல்லாது என்பதை யாரும் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நானும் சொல்லவில்லை. ஒரு மாணவியின் கட்டுரை ஓரத்தில் 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவர் பள்ளிப் பாடநூலைக் கையோடு கொண்டுவந்து, தாம் எழுதிய வாக்கியம் அப்படியே இருந்த பத்தியைக் காட்டினார். அச்சில் வந்ததே ஆதாரம் என்று பழகிய ஒருவரிடம், அந்த நூலாசிரியருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் இருவருக்கும் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

மேற்கோள் காட்டும் முறை, அடிக்குறிப்பு ஆகியவற்றை இரண்டு வகுப்புகளில் கற்பித்துவிடலாம். வாசிப்பு அத்தனை எளிதன்று. நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தால் பலர் ஒவ்வொரு வரியையும் கோடிட்டு, மனப்பாடத்துக்கு ஆயத்தமாகிவிடுவார்கள். இவர் யாரோடு வாதிடுகிறார், எதை மறுக்கிறார் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு படியுங்கள் என்று சொன்ன பிறகுதான், அறிஞர்களும் தமக்குள் முரண்படலாம் என்ற செய்தியே சிலருக்கு எட்டியது.

நான் இப்போது முதல் வாரத்திலேயே செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. 1789 ஜூலை 14 அன்று பாரிஸில் மக்கள் பஸ்தீல் சிறைக்கோட்டையைக் கைப்பற்றினார்கள் என்பது எல்லாரும் படித்து வந்த செய்தி. அப்போது உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான் என்றதும் வகுப்பில் சிறு சலசலப்பு எழும். பிறகு, மன்னர் பதினாறாம் லூயி அந்த நாளுக்கு நேராகத் தம் நாட்குறிப்பில் எழுதிய ஒரே சொல்லைக் கரும்பலகையில் எழுதுவேன்: 'ஒன்றுமில்லை'. இந்தச் சொல்லிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒரு பத்தி எழுதச் சொல்வேன். நாடு எரியும்போது உறங்கிய மன்னர், மக்களை அறியாத மன்னர் என்று அழகான பத்திகள் வரும். நல்ல மாணவர்களின் பத்திகள் இன்னும் அழகாக இருக்கும். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே, அந்த நாட்குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு என்பதையும், 'ஒன்றுமில்லை' என்றால் அன்று வேட்டையில் எதுவும் கிடைக்கவில்லை என்றே பொருள் கொள்ளப்படுகிறது என்பதையும் சொல்வேன். இதில் ஒரு சிறு வஞ்சகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஒரு சான்று என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன் அது எவ்வகைச் சான்று, எதற்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பதை இதைவிட விரைவாகப் புரியவைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

சிலர் கோபப்படுவார்கள், 'அப்படியானால் சரியான விடை எது?' என்று சிலர் கேட்பார்கள். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து, அதுவரை வாயே திறக்காத மாணவர் ஒருவர் எழுந்தார். "சார், அந்தச் சொல் வேட்டையைத்தான் குறிக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. மற்ற நாள்களின் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டார்.