டாட் டாட்னா எந்த வாசல்?

வண்ணாரப்பேட்டைல ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோ, அந்த அண்ணன் எனக்கு ரொம்ப வருஷ பழக்கம், அவர் கடை மிஷின்ல உபுண்டு (விண்டோஸுக்கு பதிலா போடற லினக்ஸ்) போட்டு குடுத்தது நான்தான், அதனால அங்க எது புட்டுக்கினாலும் போன் எனக்குத்தான் வரும். போன மாசம் வந்துச்சு. "தம்பி, டெஸ்க்டாப்ல பழசுன்னு ஒண்ணு வெச்சிட்டு போனியே, அத்த தொட்டா தொறக்கவே மாட்டேங்குது பா."

போய் பாத்தா தப்பு என்னுதுதான். ஹோம் ஃபோல்டர்ல ஆல்பம்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 2023. தினமும் அவ்ளோ தூரம் உள்ள போவ வேணாமேன்னு ஹோம்ல நின்னுக்கினே "எல்என் -எஸ் ஆல்பம்/2023 டெஸ்க்டாப்/பழசு"ன்னு அடிச்சிட்டு கிளம்பிட்டேன். அதாவது ஆல்பம்/2023க்கு டெஸ்க்டாப்ல பழசுன்ற பேர்ல ஒரு குறுக்கு வழி, அதுக்கு பேருதான் சிம்லிங்க், அத போடற கமாண்ட் எல்என். எல்என் ஒரு வார்த்தை கேக்கல. அது கேக்கவே கேக்காது, நீ குடுத்த பாத் (ஃபோல்டருக்கு போற வழி) நெசமா இருக்கா இல்லையான்னு அதுக்கு கவலையே இல்ல.

ஏன்னா சிம்லிங்க்ன்றது சும்மா ஒரு துண்டு சீட்டு. எங்க தண்டையார்பேட்டை லைன் வீட்ல மேல் போர்ஷன் அத்தை வெளிய போனா கதவுல ஒட்டிட்டு போவாங்க, "சாவி எதிர் வீட்ல". எந்த எதிர் வீடு? அந்த சீட்டு ஒட்டியிருக்கற கதவுக்கு எதிர் வீடு. படிக்கறவன் ராயபுரத்துலேர்ந்து வந்தானா காசிமேட்டுலேர்ந்து வந்தானான்றது கணக்கே இல்ல. அதே சீட்ட பிச்சி நாலு வீடு தள்ளி ஒட்டினா சாவியும் நாலு வீடு தள்ளி போயிடும், ஆனா அங்க சாவி இருக்காது. நான் பண்ணது அதான். லிங்க் இருக்கறது டெஸ்க்டாப்ல, அதனால கர்னல், அதாவது லினக்ஸோட உள் மூளை, டெஸ்க்டாப்புக்குள்ள ஆல்பத்த தேடுது, அங்க ஏது ஆல்பம்.

சீட்டுன்னு சும்மா சொல்லல. ஃபோல்டர்ல இருக்கறத பட்டியல் போடற எல்எஸ் -எல் அடிச்சா அந்த லிங்க்கோட சைஸ் 23ன்னு காட்டுச்சு. ஆல்பம்னா ஆ, ல், ப, ம், நமக்கு நாலு எழுத்து, ஆனா மிஷின் எழுத்த சேமிக்கற யூடிஎஃப் எட்டு முறைல புள்ளியும் தனி கணக்கு, ஆக ஆறு, ஒண்ணுக்கு மூணு பைட், 18. ஒரு சாய்வு கோடு, 2023க்கு நாலு, மொத்தம் 23. அந்த லிங்க்குள்ள இருக்கற சரக்கே அவ்ளோதான், வெறும் எழுத்து. (ஒரு ஃபைல் பேர் 255 பைட் வரைக்கும்தான் லினக்ஸ்ல, தமிழ்ல பேர் வெச்சா 85லயே முடிஞ்சிடும், அதுவும் புள்ளி கொம்பெல்லாம் சேத்து. நமக்கு மட்டும் இந்த ஓரவஞ்சனை.) ஹார்ட் லிங்க் இப்டி கிடையாது, அது அதே ஐநோடுக்கு (டிஸ்க்ல ஃபைலோட நெசமான பதிவு) இன்னொரு பேர், ஆனா அத ஃபோல்டருக்கு போட முடியாது, வேற டிஸ்க்குக்கும் தாண்டாது, அதனாலதான் எல்லாரும் சிம்லிங்க்ல வந்து விழறோம்.

சரின்னு ../ஆல்பம்/2023ன்னு மாத்தி போட்டேன் (அந்த .. தான் டாட் டாட், ஒரு படி மேல இருக்கற ஃபோல்டர்), தொறந்துச்சு, அண்ணன் டீ சொன்னாரு. அதோட எழுந்து வந்திருக்கணும்.

டெஸ்க்டாப் முழுக்க குட்மார்னிங் படம். வாட்ஸ்அப்ல வந்தத எல்லாம் எடுத்து அங்க கொட்டி வெச்சிருக்காரு, எல்லாம் ஜேபெக். கிளீன் பண்ணி தரேன்ணேன்னு டெர்மினல்ல உக்காந்தேன். லிங்க் சரியா வேல செய்யுதான்னு பழசுக்குள்ள போவ சிடி அடிச்சேன், சிடி .. அடிச்சேன், டெஸ்க்டாப்புக்கு வந்துச்சு. திரும்ப உள்ள போய் 2023 ஃபோல்டரெல்லாம் இருக்கான்னு பாத்தேன். இப்ப பழசுக்குள்ள நிக்கறேன், .. அடிச்சா டெஸ்க்டாப்புன்னு கண்ணால பாத்தாச்சு, அப்றம் என்ன, அங்கேர்ந்தே "ஆர்எம் ../*.ஜேபெக்", ஒரு படி மேல இருக்கற ஜேபெக் எல்லாத்தையும் அழி.

டெஸ்க்டாப்ப பாக்கறேன், ரோஜாப்பூ குட்மார்னிங் அப்டியே சிரிக்குது. ஒண்ணு கூட போவல. அப்ப போனது எது? வயித்துல ஐஸ் வெச்ச மாதிரி ஆயிடுச்சு. ஆல்பம் ஃபோல்டர்ல ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கவர் படம் வெளியவே போட்டு வெச்சிருந்தாரு, எல்லாம் காலி. ஆர்எம் அடிச்சா குப்பத்தொட்டிக்கும் போவாது, நேரா பரலோகம்.

எங்க ஏரியால சில வீட்டுக்கு ரெண்டு வாசல் இருக்கும், முன்னாடி தெரு, பின்னாடி சந்து. நீ சந்து வழியா உள்ள வந்திருக்க. "வெளிய போ"ன்னா உன் கால் சந்துக்குதான் போவும். நாம அடிக்கற கமாண்ட வாங்கற பாஷும் அப்டித்தான், சிடி .. அடிச்சா நீ வந்த வழிய ஞாபகம் வெச்சிக்கினு அந்த பாத்தோட கடைசி துண்ட வெட்டிடும், அவ்ளோதான் அது பண்றது. ஆனா ஆர்எம், எல்எஸ், சிபி இவங்களுக்கெல்லாம் பதில் சொல்றது கர்னல். அதுக்கு பத்திரத்துல இருக்கற வாசல் மட்டும்தான் தெரியும். அது பாத்த துண்டு துண்டா நடந்து போவும், வழில சிம்லிங்க் வந்தா உள்ள இருக்கற எழுத்த எடுத்து அந்த எடத்துல வெச்சிக்கும், சாய்வு கோட்டுல ஆரம்பிச்சா எல்லாத்துக்கும் மேல இருக்கற ரூட் ஃபோல்டர்லேர்ந்து, இல்லன்னா அந்த லிங்க் இருக்கற ஃபோல்டர்லேர்ந்து. 40 லிங்க்குக்கு மேல சுத்த விட்டா கைய விரிச்சிடும். அப்டி நடந்து 2023க்கு வந்து சேந்தப்பறம், எந்த சந்து வழியா வந்தேன்றது அதுக்கு நெனப்பே இருக்காது. 2023க்கு அப்பன் ஆல்பம்தான்.

எங்க நிக்கறேன்னு கேக்கற பிடபிள்யூடி அடிச்சா டெஸ்க்டாப்/பழசுன்னு சொல்லும், பிடபிள்யூடி -பி (கேபிடல் P) அடிச்சா ஆல்பம்/2023ன்னு சொல்லும். ஒரே எடம்தான். அந்த ஒரு எழுத்த அன்னிக்கி அடிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்.

யூனிக்ஸ்ல சிம்லிங்க் 1983ல 4.2 பிஎஸ்டின்ற வெர்ஷன்ல வந்துச்சு, நான் பொறக்கறதுக்கே முன்னாடி, அப்போலேர்ந்தே இந்த டாட் டாட் பஞ்சாயத்து ஓடுது. யூனிக்ஸ செஞ்ச பெல் லேப்ஸ் ஆளுங்க அப்றம் பிளான் 9ன்னு இன்னொரு ஓஎஸ் செஞ்சப்ப சிம்லிங்க்கே வேணாம்னு விட்டுட்டாங்க. அன்னிக்கி ராத்திரி எனக்கு அது ரொம்ப நியாயமா பட்டுச்சு.

கவர் படமெல்லாம் அந்தந்த கல்யாண ஃபோல்டர்ல ஒரிஜினல் இருந்ததால பொழச்சேன், ரெண்டு சாயங்காலம் உக்காந்து திரும்ப செஞ்சி குடுத்தேன், அண்ணன் திட்டல, ரெண்டாவது நாள் டீ மட்டும் சொல்லல. போறப்ப கடை மிஷின்ல பாஷ் தொறக்கறப்ப படிக்கற பாஷ்ஆர்சி ஃபைல்ல "செட் -பி"ன்னு (இதுவும் கேபிடல் P) ஒரு வரி போட்டுட்டு வந்தேன், இனிமே சிடியும் கர்னல் பேச்சதான் கேக்கும்.

நேத்து கடை பையன் போன் பண்றான். "ண்ணா, பழசுக்குள்ள போய்ட்டு சிடி டாட் டாட் அடிச்சா ஆல்பத்துல வந்து நிக்குது ண்ணா, டெஸ்க்டாப் எங்க போச்சு?"