ராத்திரியில் மட்டும் சூடாகும் வண்டி

வண்டி 2002 மாடல் டீசல் எஸ்யூவி. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின், ஸ்கேனர் மாட்ட சாக்கெட் எல்லாம் கிடையாது. வீடு கோயம்புத்தூர், மாமியார் வீடு குன்னூர் பக்கம், அதனால் மாதம் இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியாக வேண்டும். ஜனவரியில் ஒரு நாள் ஆபீஸ் முடிந்து கிளம்பி கல்லாறு தாண்டும்போது இருட்டிவிட்டது, லைட்டைப் போட்டேன், பர்லியார் வருவதற்குள் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி முக்கால் பக்கம் போய் நின்றது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி இல்லை, கூலன்ட் பாட்டிலில் கொதிப்பு இல்லை, வாசனையும் இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப். தெர்மோஸ்டாட் வால்வை (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுவது) மாற்றினார்கள், ரேடியேட்டரைக் கழுவி கூலன்ட் புதிதாக ஊற்றினார்கள், ஃபேன் பெல்ட்டையும் மாற்றினார்கள். அடுத்த ராத்திரிப் பயணத்தில் முள் அதே முக்கால். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்ங்க சார், இறக்கிப் பார்த்துடலாம்" என்றார்கள். இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல் அது, அதற்காக ஹெட்டை இறக்குவது என்றால் சும்மா இல்லை. கேஸ்கெட் போன அடையாளமும் எதுவும் காணோம். ஆயிலில் பால் நிறம் இல்லை, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, காலையில் பார்த்தால் கூலன்ட் அளவு அப்படியே இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் என்று வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகம் தட்டியது இறக்கத்தில்தான். அந்த இரண்டாவது பயணத்திலேயே திரும்பி வரும்போதும் ராத்திரி. குன்னூரிலிருந்து இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல், இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்குகிறேன், ஜன்னல் வழியாகக் குளிர்காற்று அடிக்கிறது, முள் மட்டும் ஏறும்போது நின்ற அதே இடத்தில் நிற்கிறது! வேலையே செய்யாத இன்ஜின் எப்படி இவ்வளவு சூடாக இருக்கும்?

சரி, முள்ளை நம்பாமல் நேராகவே அளந்து பார்ப்போம் என்று அகச்சிவப்பு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன், துப்பாக்கி மாதிரி இருக்குமே அதுதான். முதல் அளவிலேயே குழப்பம். நன்றாக ஓடிச் சூடான வண்டியில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் குறிவைத்தால் 52 டிகிரி காட்டியது. பக்கத்து ரப்பர் ஹோஸில் 80. பிறகுதான் உறைத்தது, ஹவுசிங் பளபளப்பான அலுமினியம். பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் குறைவாகத்தான் கதிர்வீசும், எதிரில் இருப்பதைக் கண்ணாடி போல் காட்டும், அதனால் இந்தக் கருவி அதில் ஏமாந்துவிடும். இன்ஜின் ஆறியபின் ஹவுசிங்கில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன், திரும்பச் சூடாக்கி டேப்பைக் குறிவைத்தேன். 84. தெர்மோஸ்டாட் 82-இல் திறக்கும் வகை, ஆக அது சரியான சூடு. அன்று முதல் அந்த டேப்தான் எனக்கு நிஜ மீட்டர்.

அடுத்து சென்டர் (sender), அதாவது முள்ளுக்குச் சூட்டைச் சொல்லி அனுப்புவது. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒற்றை ஒயர் சென்சார், உள்ளே தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். கூலன்ட்டைக் கொஞ்சம் வடித்து, அதைக் கழற்றி, வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மல்டிமீட்டரும் தெர்மாமீட்டருமாக அடுப்படியில் நின்றேன். (அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குள் வரக்கூடாது என்பது தனி உத்தரவு.) 30 டிகிரியில் 600 ஓம், 60-இல் 210, 80-இல் 117, தண்ணீர் கொதிக்கும்போது 72. எங்கேயும் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சென்டரில் குறை இல்லை.

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். திரும்ப மாட்டும்போது ஒழுகக்கூடாது என்று பிளம்பிங் டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்று சுற்றி முறுக்கிவிட்டேன். வண்டியை எடுத்தால் பகலில் முள் கால் பாகம், ராத்திரியில் லைட்டோடு பாதி. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன். அப்புறம் ஒரு மதியம் சும்மா ஹவுசிங்கில் ஒட்டிய கறுப்பு டேப் துண்டைக் குறிவைத்தால் அதே 84, முள் மட்டும் கால் பாகத்தில். ஒற்றை ஒயர் சென்டருக்கு எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி, அதன் மரைதான், நான் அதையே டெஃப்லான் சுற்றி மூடியிருக்கிறேன்! சென்டர் உடலுக்கும் பிளாக்குக்கும் இடையே அளந்தால் 40 ஓம் காட்டியது. கூடுதலாகக் காட்டிய முள்ளை விட இதுதான் ஆபத்து, நிஜமாகவே கொதித்தாலும் பாதி என்று காட்டியிருக்கும். கூலன்ட் குறைந்து சென்டர் காற்றில் நின்றாலும் இதே மாதிரி குறைத்துக் காட்டும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது. டெஃப்லானை உரித்தேன், புது செம்பு வாஷர் போட்டு மாட்டினேன், முள் பழையபடி பகலில் பாதி, ராத்திரியில் முக்கால்.

முடிச்சை அவிழ்த்தது அக்கா மகள், ஒன்பதாவது படிக்கிறாள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்து ரேஸ்கோர்ஸ் பக்கம் சுற்றி வந்தேன், முள்ளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. "மாமா, நீங்க லைட்டைப் போட்டதும் ஏறுதுங்க மாமா, அணைச்சா இறங்குது" என்றாள். நான்கு தடவை போட்டு அணைத்தோம், நான்கு தடவையும் அப்படியே. பனிமூட்டத்துக்காக நான் மாட்டிய ஃபாக் லைட்டையும் போட்டால் இன்னும் கொஞ்சம் ஏறியது. மலையேற்றம் எல்லாம் வெறும் தற்செயல், நாங்கள் போவது இருட்டுகிற நேரம், அவ்வளவுதான்.

டீசல் மீட்டர் முள் துளியும் அசையவில்லை என்பதையும் அவள்தான் கவனித்தாள். டேஷ்போர்டு எர்த் கெட்டிருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். டீசல் டேங்க் மிதவைக்கு எர்த் பாடியில், டெம்பரேச்சர் சென்டருக்கு எர்த் இன்ஜினில். ஆகவே குறை இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில். இந்த வண்டியில் பேட்டரி நெகட்டிவ் கேபிள் நேராக பிளாக்கில் இறங்குகிறது. ஹெட்லைட், ஃபாக் லைட், புளோயர் எல்லாம் பாடியில் எர்த், அந்தக் கரண்ட் திரும்ப ஒரு பின்னல் செம்புப் பட்டை வழியாகத்தான் இன்ஜினுக்கு வரவேண்டும். பட்டை கெட்டால் பாடி பிளாக்கை விட வோல்டேஜில் மேலே நிற்கும். டேஷ்போர்டு மீட்டர் பாடியைத்தான் சைபர் என்று நம்பி வோல்டேஜ் கொடுக்கிறது, சென்டரோ பிளாக்கில், அதனால் சென்டர் வழியாகக் கூடுதல் கரண்ட் இழுபடும். கரண்ட் கூடினால் முள்ளுக்கு அது சூடு.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து பிளாக்குக்கும் பாடிக்கும் இடையே அளந்தால் பீப் அடித்து எல்லாம் நலம் என்கிறது. அதில் ஏமாறக்கூடாது, மீட்டர் அனுப்புவது துளிக் கரண்ட், இருபது ஆம்பியர் போகும்போது இடிக்கிற 0.05 ஓம் அதன் கண்ணில் படாது. வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது, லோடைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முனை பிளாக்கில், மறுமுனை பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில். ஹெட்லைட் மட்டும் போட்டால் 0.5 வோல்ட். ஃபாக் லைட்டும் சேர்ந்தால் 0.9. புளோயரும் முழு வேகத்தில் சேர்ந்தால் 1.5. இது 0.1-க்குள் இருக்க வேண்டிய இடம். எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பிளாக்கிலும் மறுமுனையைப் பாடியிலும் கவ்வ வைத்தேன். உள்ளே இருந்து "இறங்குது மாமா, இறங்குது" என்று சத்தம்.

பட்டை கியர்பாக்ஸ் பக்கம், கீழே படுத்துக் கை நீட்டினால்தான் தெரிகிற இடத்தில். போல்ட் மாட்டும் முனையான லக் முழுக்கப் பச்சைக் களிம்பு, பின்னலில் முக்கால்வாசி இழை அறுந்திருந்தது, மிச்சம் விரல் பட்டதும் உதிர்ந்தது. பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, பழைய பட்டையை எடுத்து, இரண்டு போல்ட் இடத்தையும் உப்புத்தாளில் வெள்ளையாகும்வரை தேய்த்து, அதே நீளத்தில் புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். கூடவே மேல்பக்கம் இன்னொரு பட்டையும், எனக்குப் பயம் போக. எல்லா லோடும் போட்டு அளந்தால் 0.04.

போன வாரம் இரவு எட்டு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, ஃபாக் லைட் உட்பட எல்லாம் எரிய, குன்னூர் வரை ஏறினோம். முள் பாதி, வழியில் நிறுத்தி டேப்பைக் குறிவைத்தேன், 86. ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக் கொடுத்த பழைய தெர்மோஸ்டாட் டிக்கியிலேயே கிடந்தது, அதையும் அதே பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். 82-இல் அழகாகத் திறந்தது.