எண்பது வயசானா இருபது சதவீதம்: அம்மாவின் பென்ஷன் கதை

ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு எண்பது வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50. நூறைத் தொட்டுவிட்டால் பென்ஷன் அப்படியே இரட்டிப்பு. எண்பது நிறைகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கு. கூடுதல் தொகைக்கும் அகவிலைப்படி உண்டு.

எண்பது தாண்டியும் அம்மாவுக்கு அது வரவில்லை.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அப்பா சாப்பராக, அதாவது ராணுவப் பொறியியல் பிரிவுச் சிப்பாயாக இருந்து 71 சண்டைக்குப் போனவர்; காலமாகி வெகுநாளாச்சு. முன்பெல்லாம் வங்கிதான் பென்ஷனைக் கணக்குப் பார்த்துப் போடும். இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையத் தளம் வழியாகப் பாதுகாப்புக் கணக்குத் துறையே நேரடியாகக் கணக்கில் வரவு வைக்கிறது. பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண்ணை வைத்து உள்ளே போய்ப் பார்த்தால், அம்மாவின் பிறந்த தேதிக் கட்டம் காலியாகக் கிடந்தது. அறுபதுகளில் நடந்த கல்யாணம். அன்றைக்கு எழுதினவர்கள் சம்சாரத்தின் பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். தேதி இல்லாதவருக்கு எந்தக் கம்ப்யூட்டரும் எண்பது வயசு போடாது.

வங்கியில், "எங்க கையில ஒண்ணுமில்ல சார்" என்றார்கள். மதுரையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில்தான் வழி கிடைத்தது. அங்கே வேறு வேலையாக வந்திருந்த ஒரு ரிட்டயர்டு சுபேதார், "அம்மாவோட ஆதார், பான் ரெண்டுலயும் ஒரே தேதி இருக்கா, அதை மொதல்ல பாருங்க தம்பி. வாக்காளர் அட்டைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இருந்தது. ஊரில் பாதிக் கிழவிகளைப் போல அம்மாவும் ஆதார்படி ஜனவரி ஒண்ணாந்தேதி பிறந்தவர்.

காத்திருந்த பெஞ்சில் ஒருவர், "பென்ஷனுக்கே பாதி பட்ஜெட் போயிருதாம்ல?" என்று ஆரம்பித்தார். பாதியெல்லாம் இல்லை. 2025-26-இல் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷன் 1.60 லட்சம் கோடி, கால் பங்குக்கும் கீழே. அதிலும் ராணுவத் துறையின் சிவிலியன் ஊழியர்கள் பென்ஷனும் அடக்கம். இந்தச் சுமை பேச்சுக்கு நடுவில்தான் 2022-இல் அக்னிபாத் என்ற புது ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது: நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் தங்கலாம், மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. பீரங்கிக்குக் குறைகிறது என்று பென்ஷனைக் குறை சொல்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அது தர்மமில்லை, பாக்கி வைத்த கூலி. அந்தக் கூலியும், ஓடியாடப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் ஒழுங்காக வந்து சேருகிறது.

பிறந்த தேதியைத் திருத்தக் கேட்கும் விண்ணப்பத்தோடு, உயிரோடிருக்கிறார் என்று காட்டும் ஆயுள் சான்றும் போட்டுவிடலாமென்று பொதுச் சேவை மையத்துக்குப் போனோம். கைரேகை விழவேயில்லை. அம்மா விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போனவர், களையெடுத்தவர். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்தாள், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்குதான். கடைசியில் போனில் முகத்தைக் காட்டும் வழிக்கு வந்தாள். "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி" என்றதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்த வயசுல யாருக்குப்பா நான் கண்ணடிக்க?" என்றார். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவரும் சிமிட்டிவிட்டார், பதிவாகிவிட்டது.

பிறந்த தேதித் திருத்தம் அத்தனை சுலபமில்லை. ஒருமுறை ஸ்கேன் தெளிவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டு, நிலை என்னவென்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருநாள் அம்மாவின் போனில் குறுஞ்செய்தி. எண்பது நிறைந்த மாதத்திலிருந்து நிலுவை மொத்தமும் வரவாகியிருந்தது. அம்மா முதலில் கேட்டது, "வங்கிக்காரன் தப்பாப் போட்டுட்டானோ?"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் எண்பது வரைக்கும் காத்திருக்காதீர்கள். இப்போதே ஸ்பர்ஷில் பிறந்த தேதியைப் பாருங்கள். பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் தெருவிலேயே ஓர் அத்தைக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. அவருக்குப் பான் கார்டே கிடையாது, அதற்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.