சுட்டதும் ஸ்கோப்பில் வானம்: மூன்று பயணங்களின் கணக்கு

சுட்ட குண்டு எங்கே பட்டது என்று ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கி மேல் பொருத்தும் தூரக்கண்ணாடியில், நானே பார்க்க எனக்கு மூன்று பயணம் ஆனது. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுக்கு ஏது துப்பாக்கி என்றுதான் முதலில் கேட்பீர்கள், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்: கிடையாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிற ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அந்த நினைப்பே வேண்டாம், மரத்தில் பொம்மை செய்து வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது நியூசிலாந்தில், தென் தீவில் திமாரு பக்கம். அத்தானுக்கு ஆட்டுப் பண்ணைகளில் வேலி போடும் வேலை. முறையான லைசென்ஸ் வைத்திருக்கிறார், பண்ணைக்காரர்கள் கேட்டால் சாயங்காலம் போய் வாலபி சுட்டுக் கொடுப்பார். வாலபி கங்காருவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். 1874இல் வைமாட்டே ஊருக்குப் பக்கத்தில் ஹண்டர்ஸ் மலையில் கொண்டுவந்து விட்டார்களாம், இப்போது மேய்ச்சல் புல்லையும் காட்டுக் கன்றுகளையும் தின்று தீர்க்கிறது. அந்த நாட்டுச் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து மேற்பார்வை பார்த்தால் மற்றவரும் சுடலாம். அப்படித்தான் நானும் இதில் விழுந்தேன்.

குறி எனக்கு ஓரளவு வந்துவிட்டது. வராதது அடுத்த கால் வினாடி. விசையை அழுத்துவேன், 'டம்', ஸ்கோப்பில் வானம். திரும்பக் கீழே கொண்டுவருவதற்குள் அங்கே புல் மட்டும்தான் இருக்கும்.

"பட்டதா அத்தான்?"

"நீதானே மச்சான் ஸ்கோப்புல பார்த்துக்கிட்டு இருந்தே, என்னைக் கேக்கிறியே?"

சிரிக்கிற விஷயம்போல இருந்தாலும் அது சிரிக்கிற விஷயம் இல்லை. காயம் பட்ட பிராணி புதருக்குள் போவதற்குள் இரண்டாவது தோட்டாவைப் போட்டாக வேண்டும். படவில்லை என்றால் மண் எங்கே தெறித்தது என்று தெரிந்தால்தான் காற்று எவ்வளவு தள்ளியது என்று புரியும். இரண்டும் தெரியாமல் சுடுகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிக்கிறவன்.

முதல் பயணத்தில் அத்தான் என் கையில் கொடுத்தது 308. இது தோட்டா அளவின் பெயர், பின்னால் வரும் 243, 223 இரண்டும் இதைவிடச் சிறியவை. மான் வேட்டைக்கென்று வாங்கிய இலகுவான துப்பாக்கி, ஸ்கோப்போடு சேர்த்து ஏறத்தாழ 3.4 கிலோ. தோளில் நீல நிறத்தில் முத்திரை குத்திவிட்டு கோலாலம்பூருக்கு விமானம் ஏறினேன். வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், பள்ளியில் படித்த உந்தம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. குண்டின் எடையை வேகத்தால் பெருக்கு, கூடவே வெடிமருந்து எரிந்து வெளியேறும் வாயுவின் எடையையும் அதன் வேகத்தால் பெருக்கிச் சேர், அதுதான் துப்பாக்கி பின்னால் வரும் உந்தம். அந்த 308இல் பின்னுதைப்பு ஆற்றல் சுமார் 23 ஜூல் வந்தது. அதே எடையில் 243 என்றால், இலகுவான குண்டோடு, 10 ஜூல் சொச்சம். 223 என்றால் 5 ஜூல்கூட இல்லை. அதாவது நான் ஐந்து மடங்கு உதை வாங்கிக்கொண்டு ஆட்டுக்குட்டி அளவுள்ள பிராணியைச் சுட்டுக்கொண்டிருந்தேன். கொசு அடிக்க உலக்கை.

கணக்கில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 243இல் அந்த உந்தத்தில் கிட்டத்தட்ட பாதி வாயுவால் வருகிறது. குழல் முனையில் மாட்டுகிற சைலன்ஸரோ பிரேக்கோ வாயுவை மட்டும்தான் தடுக்க முடியும், குண்டை ஒன்றும் செய்யாது. அதனால் மருந்து அதிகம், குண்டு இலகு என்கிற தோட்டாக்களில்தான் இவை நன்றாக வேலை செய்யும். பிரேக் சைலன்ஸரைவிட அதிகமாக உதையைக் குறைக்கும்தான், ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் பக்கத்தில் இருக்கிறவர் காது போய்விடும், படுத்துச் சுட்டால் தூசி எழும்பி அது ஒரு திரை. பக்கத்தில் உட்காருகிறவர் அக்கா வீட்டுக்காரர் என்பதால் பிரேக் பேச்சையே எடுக்கவில்லை. சைலன்ஸர் அங்கே சாதாரண சாமான், பண்ணைக்காரர்கள் பாதிப் பேர் துப்பாக்கியில் இருக்கும். முனையில் 300, 400 கிராம் கூடுவதால் குழல் மேலே எகிறுவதும் குறையும்.

ஆக இரண்டாவது பயணத்தில் 243, சைலன்ஸரோடு. இந்தத் தடவை தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தோள் வலிக்கவில்லை, அது வாஸ்தவம். ஆனால் 14 தடவை சுட்டதில் குண்டு பட்டதை நானே பார்த்தது 3. உதை பாதிக்கும் கீழே போயும் ஏன் தெரியவில்லை?

அத்தான் ஒரு வேலை செய்தார். கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டில் இலக்கு வைத்து, எனக்குத் தெரியாமல் சில தடவை உண்மைத் தோட்டாவும் சில தடவை மருந்தில்லாத டம்மித் தோட்டாவும் போட்டுப் போட்டுக் கொடுத்தார். என் முகத்தைப் பக்கவாட்டில் ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுத்தார். டம்மி வந்த நேரத்தில் வெடிக்கவே இல்லை, ஆனால் வீடியோவில் நான் கண்ணை இறுக்கி மூடி, தோளை முன்னால் தள்ளி, தலையை வேறு துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்குகிறேன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. 223 குண்டு 100 மீட்டர் போக 0.11 வினாடி, 243 அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். ஒரு தடவை கண் சிமிட்டினால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்கோப்பில் வானம் தெரிந்தது பாதி உண்மை, மீதி நேரம் என் இமைதான் தெரிந்திருக்கிறது.

அப்புறம் கோலாலம்பூரில் ஒரு வருடம். துப்பாக்கி இல்லாமல் என்ன பயிற்சி செய்ய முடியும்?

நண்பர் ஒருவர் கிளப் வழியாக சுபாங்கில் உள்ள சுடும் அரங்குக்கு அழைத்துப் போனார், 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதன் இலக்கில் நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான், சர்க்கரைத் துகள் அளவு. அந்தத் துப்பாக்கியில் உதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஆனால் பயிற்சியாளர் விடவில்லை. விசையை அழுத்திய பிறகு "சத்து, டுவா" என்று மலாயில் எண்ணி முடிக்கும்வரை கன்னத்தை எடுக்கக்கூடாது, விரலையும் விடக்கூடாது. குண்டு போன பிறகு எதற்கு இந்த நாடகம் என்று முதல் மாதம் முழுக்க முனகினேன். அந்த 'சத்து, டுவா' இல்லையென்றால் மூன்றாவது பயணமும் வீணாகியிருக்கும்.

இரண்டாவது பயிற்சி கேமரா. என்னிடம் பழைய 600 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது, ஃபுல்ஃபிரேம் கேமராவில் அதன் வழியாகப் பார்த்தால் 100 மீட்டரில் 6 மீட்டர் அகலம் தெரியும். 6 மடங்கு ஸ்கோப்பிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்கா ஏரிக்கரையில் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு கொக்கைத் தேடுவேன். வெறும் கண்ணால் பார்த்த கொக்கை லென்ஸுக்குள் எத்தனை வினாடியில் பிடிக்கிறேன், ஷட்டர் அடித்த பிறகும் அது நடுவிலேயே நிற்கிறதா, இதுதான் விளையாட்டு. பட்டம் விட வந்த குடும்பங்கள் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

லென்ஸுக்கு அடியில் வைக்க அம்மா ஒரு பை தைத்துக் கொடுத்தார், என் கிழிந்த ஜீன்ஸின் கால் பகுதி, உள்ளே ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு. துப்பாக்கியின் பின்கட்டைக்கு அடியில் வைப்பதும் இதே பைதான், கையால் அமுக்கினால் குழல் ஒரு நூல் இறங்கும், விட்டால் ஏறும். அவ்வளவு அருமையாக அமைந்த பையைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் உறைத்தது, நியூசிலாந்து விமான நிலையத்தில் விதை, தானியம் எல்லாம் சும்மா விடமாட்டார்கள், சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். இரவு பதினோரு மணிக்குத் தையலைப் பிரித்தோம். பயறு மறுநாள் சுண்டலாகிவிட்டது, காலிப் பை என்னோடு வந்தது, அக்கா அங்கே கடையில் அரிசி வாங்கிக் கொட்டித் தைத்தாள்.

பலூன் பரிசோதனையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகனை என் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, அவன் நினைத்த நேரத்தில் ஊசியால் பலூனை உடைக்கச் சொல்லி, நான் கேமராவில் கண்ணை மூடாமல் இருக்கிறேனா என்று பார்த்தோம். 40 பலூன் செலவானது. பையனுக்கு நல்ல பொழுதுபோக்கு. எனக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை, சத்தத்துக்கு இமை தானாக மூடும், அது நம் சொல் பேச்சு கேட்காது. சத்தத்தையே குறைப்பதுதான் வழி. இப்போது காதுக்குள் பஞ்சு மாதிரியான அடைப்பான், அதற்கு மேல் காதையே மூடும் மஃப், இரண்டும் போடுகிறேன், சைலன்ஸர் இருந்தாலும் போடுகிறேன்.

மூன்றாவது பயணம், போன டிசம்பர். அத்தான் பக்கத்துப் பண்ணைக்காரரோடு போட்ட ஏதோ பண்டமாற்றில் கனமான குழல் உள்ள 223 வீட்டுக்கு வந்திருந்தது. ஸ்கோப், சைலன்ஸர், குழலை முன்னால் தாங்கும் இரட்டைக்கால் பைபாட் எல்லாம் சேர்த்து 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆற்றல் கணக்கில் எடை இரட்டித்தால் உதை பாதியாகும். மலையில் சுமந்து ஏறுகிறவர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சுமந்தது அத்தான்.

ஆனால் உண்மையான மாற்றம் நான் படுத்த விதத்தில் வந்தது. அதுவரை பழைய சினிமாவில் சிப்பாய்கள் படுப்பதுபோல உடம்பைக் கோணலாக, துப்பாக்கிக்குக் குறுக்கே ஒரு 30 டிகிரி சாய்த்துப் படுத்திருந்தேன். உதை நேராகப் பின்னால் வருகிறது, அங்கே அதை வாங்க என் உடம்பு இல்லை, தோள் முனை மட்டும் இருக்கிறது. தோள் வழிவிட்டதும் பின்கட்டை ஒரு பக்கம் நழுவுகிறது, முனை இன்னொரு பக்கம் எகிறுகிறது, பைபாட் தவளை மாதிரித் தாவுகிறது. இப்போது முதுகெலும்பும் குழலும் ஒரே கோட்டில் இருக்கும்படி நேர் பின்னால் படுக்கிறேன். பின்கட்டை கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் உள்ளே, முன்பு வைத்ததைவிட நடுவில். கால் முனையால் நிலத்தை லேசாக உந்தி, பைபாட் கால்கள் முன்பக்கம் இறுகும் அளவுக்கு உடம்பை முன்னால் சாய்க்கிறேன், தள்ளவில்லை, சாய்ப்பதுதான். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறந்தால் குறுக்குக் கோடு இலக்கிலேயே இருக்க வேண்டும். விலகியிருந்தால் கையால் இழுக்காமல் இடுப்பை நகர்த்துகிறேன். இந்த ஒரு பத்தியை எழுத ஒரு நிமிடம்தான் ஆகிறது, கொட்டகைக்குப் பின்னால் இதைச் சரிசெய்ய எனக்கு நான்கு நாள் ஆனது, அதில் இரண்டு நாள் மழை.

அடுத்தது ஜூம். இதில்தான் நான் மிகப் பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன். அத்தானின் ஸ்கோப் 12 மடங்கு வரை போகும், நானும் கிடைத்ததை விடுவானேன் என்று 12லேயே வைத்திருந்தேன். அதில் 100 மீட்டரில் தெரிவது ஏறத்தாழ 3 மீட்டர் அகலம், நடுவிலிருந்து விளிம்புக்கு ஒன்றரை மீட்டர். முனை ஒரே ஒரு டிகிரி எகிறினால் பார்வை அங்கே 1.75 மீட்டர் நகர்ந்துவிடும். அதோடு இலக்கு காலி. 6 மடங்கில் நடுவிலிருந்து விளிம்பு 3 மீட்டர், அதே ஒரு டிகிரி எகிறினாலும் இலக்கு கீழ் ஓரத்தில் நிற்கும். ஒரு காசு செலவில்லாத திருத்தம், ஸ்கோப்பின் ஜூம் வளையத்தைத் திருப்புவது மட்டும்தான், இதற்கு முன்னால் நான் சைலன்ஸர், எடை, தோட்டா என்று இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதும் அத்தான் "இதைத்தானே முதல் வருஷமே சொன்னேன்" என்றார். சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. அக்கா சொன்னதாகச் சாட்சி சொல்கிறாள்.

கடைசிக்கு முந்தின மாலை, பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் ஒரு வாலபி, லேசர் 190 மீட்டர் காட்டியது. வடமேற்குக் காற்று புல்லைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தது. பின்னால் மண்சரிவு இருக்கிறதா, கீழே ஆடு எதுவும் இல்லையே என்று அத்தான் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தலையசைத்தார். 'சத்து, டுவா'. உதை வந்தது, படம் குலுங்கியது, ஆனால் வாலபி ஸ்கோப்பை விட்டுப் போகவில்லை. அதன் மூக்குக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளி மண் புகைந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். தவறிவிட்டது. அது திகைத்து நின்ற அந்த இரண்டு வினாடியில் அடுத்த தோட்டாவை ஏற்றி ஒரு சாண் இடப்பக்கம் பிடித்து அழுத்தினேன், நின்ற இடத்திலேயே சாய்ந்தது. அதையும் பார்த்தேன். இரண்டாவதைவிட முதல் குண்டுக்குத்தான் நான் அதிகம் சந்தோஷப்பட்டேன், பக்கத்தில் இருந்தவருக்கு அது புரியவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் இருக்கிற கணக்கு: மூன்றாவது பயணத்தில் 26 தடவை சுட்டேன், பட்ட இடத்தையோ மண் தெறித்ததையோ நானே பார்த்தது 19. பார்க்காத 7இல் 5 உட்கார்ந்து, துப்பாக்கியை முக்காலித் தாங்கியில் வைத்துச் சுட்டவை. படுத்தால் தெரிகிறது, உட்கார்ந்தால் பழையபடி வானம். மேல் உடம்பு பின்னால் சாய்ந்து உட்காருவதால் உதை என்னையே ஆட்டிவிடுகிறது என்று நினைக்கிறேன், முதுகுக்குப் பின்னால் பையை முட்டுக் கொடுத்து, முக்காலியை இன்னும் தாழ்த்தி, மார்பை முன்னால் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதற்குள் கெப்போங் ஏரிக்கரையில் இனிமேல் படுக்காமல் உட்கார்ந்துகொண்டு கொக்கு தேடுகிறேன். அரிசிப் பை அக்கா வீட்டிலேயே இருக்கிறது, எலி கடிக்காமல் இருக்க பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடியிருக்கிறாளாம்.