காலையில் கத்திய புல்லி

ஒரு மாதமாகக் காலையில் வண்டியைக் கிளப்பினால் பானட்டுக்குள் 'கீச்' என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஏசி போட்டால் மறுபடி. எஞ்சின் பெல்ட் காய்ந்திருக்கும் என்று நானே முடிவு செய்து புதிதாக ஒன்று மாட்டினேன். தண்டச் செலவு. நாலாம் நாளே சத்தம் திரும்பியது, இம்முறை கரகரவென்று, மாவு மிஷின் மாதிரி.

மெக்கானிக் அண்ணன் ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். "பெல்ட் வழுக்கினா சத்தம் மாறும் தம்பி. இது மாறல பாருங்க" என்றார். எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, அது ஓடும் வழியில் தாங்கிப் பிடிக்கும் சின்னச் சக்கரமான ஐட்லர் புல்லியை என்னையே சுற்றச் சொன்னார். மணல் அரைபடுவது போல விரலில் தெரிந்தது. அசைத்தால் லொடலொடவென்று ஆட்டம் வேறு. பேரிங்கில் கிரீஸ் வற்றி, சீல் ஓரம் துரு வழிந்திருந்தது. புல்லி கோணியதால் என் புது பெல்ட்டின் ஓரம் அதற்குள் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

என் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங் பம்ப், எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் மூன்றும் அந்த ஒரே பெல்ட்டில்தான். அது அறுந்தால் மூன்றும் நின்றுவிடும். மறுநாள் திண்டிவனம் போவதாக இருந்தேன்! புல்லி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், இன்னொரு பெல்ட் எல்லாம் மாற்றியாயிற்று. முதல் பெல்ட்டின் கணக்கை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.